பட்டை போட்டதெல்லாம் கட்டுவிரியன் அல்ல

செஞ்சிக்கு மேற்கே எங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக் கொல்லை இருக்கிறது. மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் சும்மா கிடக்கும். கொல்லையின் ஒரு பக்கம் பாறைக் குன்று. மற்ற மூன்று பக்கமும், நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய கற்களை என் தாத்தா காலத்தில் அடுக்கிய கல்கட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம், விதைப்புக்கு முன் சரிந்துபோன கல்கட்டை எடுத்துக் கட்டும் வேலை நடந்தது. நானும் போயிருந்தேன். வேலை செய்ய அல்ல, வேடிக்கை பார்க்க. கடப்பாரையால் ஒரு பலகைக் கல்லை நெம்பியதும் சித்தப்பா "டேய், தள்ளு தள்ளு" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மண்வெட்டி இரண்டு முறை இறங்கிவிட்டது.

"கட்டுவிரியன் குட்டி. நல்லவேளை, கைய வைக்கல."

ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை அறுத்து, அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சித்தி வாசலோடு நிறுத்திவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வாலின் அடிப்பக்கச் செதில்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தன. முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றின் அளவிலேயே இருந்தன. கட்டுவிரியனுக்கு இந்த இரண்டுமே இப்படி இருக்காது. அது விஷமே இல்லாத ஒரு சின்னப் பாம்பு.

மறுநாள் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "பட்டை போட்டிருக்குதா இல்லியா? அப்புறம் இன்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். முதலில் செத்துப்போன அந்தப் பாம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யார் இது?

அறிவியல் பெயர் லைகோடான் ஸ்ட்ரையேட்டஸ். 'லைகோடான்' என்றால் கிரேக்கத்தில் ஓநாய்ப் பல். 'ஸ்ட்ரையேட்டஸ்' என்றால் லத்தீனில் கோடு போட்டது. இதன் நெருங்கிய சொந்தக்காரனை, வீட்டுச் சுவரில் ஏறும் அந்த இன்னொரு ஓநாய்ப் பாம்பை, வெள்ளிக்கோல் வரையன் என்றும் சுவர்ப்பாம்பு என்றும் சொல்வார்கள். இந்தக் கொல்லைப் பாம்புக்கு எங்கள் ஊரில் தனிப் பெயர் நான் கேட்டதில்லை. அதனால் இந்தக் கட்டுரைக்காகப் பட்டை ஓநாய்ப்பாம்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

நன்றாக வளர்ந்தது ஒரு அடி இருக்கும், கொஞ்சம் கூடலாம். உடம்பு சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. செதில்கள் வழவழவென்று பளபளக்கும். முதுகு கறுப்பு அல்லது கரும்பழுப்பு. குறுக்கே வெள்ளையோ வெளிர்மஞ்சளோ பட்டைகள். முன்பக்கம் பட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும், பின்னால் போகப் போக நெருங்கிவிடும். ஒவ்வொரு பட்டையும் விலாப்பக்கம் இறங்கும்போது இரண்டாகக் கிளை பிரியும். வயிறு சுத்தமான வெள்ளை. பெண் பாம்பு ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து நான்கு முட்டைதான் இடும்.

இவ்வளவு சின்ன உருவத்துக்கு ஏன் ஓநாய் என்று பேர்? பல் அமைப்புதான் காரணம். மேல்தாடையின் முன்பக்கத்தில் சில பற்கள் மட்டும் பெரிதாக வளைந்து நிற்கும். பிறகு ஒரு இடைவெளி. அதற்குப் பிறகு சின்னப் பற்கள். முன்னால் நிற்கும் அந்தப் பற்கள் விஷப்பற்கள் அல்ல. அவற்றில் துளையும் கிடையாது, பள்ளமும் கிடையாது. அவை வெறும் கொக்கிகள். இந்தப் பாம்பின் சாப்பாடு பல்லியும் அரணையும். அரணையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி வழுக்கும். செதிலும் கெட்டி. சாதாரணப் பல் அதில் நிற்காது. கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் பல் இருந்தால்தான் பிடி நழுவாது.

கல்லுக்கு அடியில் ஒரு வீடு

இந்தப் பாம்பு வறண்ட, கல் நிறைந்த நிலத்துக்காரன். இந்தியாவின் காய்ந்த சமவெளிகளிலும் குன்றுகளிலும் இருக்கிறது. இலங்கையிலும் இருக்கிறது. பகலில் வெளியே பார்க்கவே முடியாது. ராத்திரிதான் நடமாட்டம். பகல் முழுக்கக் கல்லுக்கு அடியில், பாறை இடுக்கில், கல்கட்டின் சந்தில்.

செஞ்சிப் பக்கம் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். மழித்த தலை மாதிரி உருண்டு நிற்கும் கருங்கல் குன்றுகள். அவற்றின் மேல் வெங்காயத் தோல் போலப் பலகை பலகையாகப் பாறை உரிந்து கிடக்கும். பூமிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை இது. மேலே இருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் அரித்துப் போனதும் பாரம் குறைந்து பாறை விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் படலம் படலமாக விரிசல் விடுகிறது. அடிப்பாறைக்கும் உரிந்த பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதுதான் பல்லிக்கு வீடு. பல்லி இருக்கும் இடத்தில் பல்லி தின்னும் பாம்பும் இருக்கும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் சரி என்று நினைக்கக்கூடாது. பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ரொம்ப மெல்லிய கல் என்றால் மத்தியானம் அடிப்பக்கமும் அடுப்பாகிவிடும், உள்ளே இருப்பது வெந்துபோகும். ரொம்பத் தடித்த கல் என்றால் அடியில் சூடே இறங்காது. நடுத்தரத் தடிமன் உள்ள கல்தான் பகலில் கொல்லாமலும், சாயங்காலத்துக்குப் பிறகு மெல்ல மெல்லச் சூட்டை விட்டுக்கொண்டும் இருக்கும். இதை அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஈகிள் ஏரிப் பகுதியில், கார்ட்டர் பாம்புகளை வைத்து அளந்திருக்கிறார்கள். ரேமண்ட் ஹியூயியும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட வேலை அது. அந்தப் பாம்புகள் பெரும்பாலும் 20 முதல் 40 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கற்களையே தேர்ந்தெடுத்தன. அது வேறு நாடு, வேறு பாம்பு. ஆனால் கல்லும் வெயிலும் நடந்துகொள்ளும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எங்கள் தாத்தா கல்கட்டு போட்டபோது பாம்பை நினைத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனால் பல தடிமனில், பல சந்துகளோடு, வெயில் படும்படி ஒரு மாடி வீட்டையே கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரே கரை, ஒரே புத்தகம்

இந்தக் குழப்பம் சித்தப்பாவோடு தொடங்கியது அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை ஆய்வாளராகவும் வேலை பார்த்தார். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்கிறார்களே, அந்த ரஸ்ஸல்தான். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பாம்புகளை அவர் வரையச் செய்தார். எது விஷமுள்ளது எது இல்லாதது என்று கோழியையும் நாயையும் கடிக்கவிட்டுச் சோதித்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1796-இல் லண்டனில் வெளியானது. விஷமுள்ளதையும் இல்லாததையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல சுலபமான வழி உண்டா என்பதுதான் அவரைத் துரத்திய கேள்விகளில் ஒன்று.

அந்தப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மூர்ப் பாம்புகளுக்கு லத்தீன் பெயர் வைத்தார்கள். 1801-இல் ஷ்னைடர் கட்டுவிரியனுக்குப் பெயர் வைத்தார். 1802-இல் ஜார்ஜ் ஷா பட்டை ஓநாய்ப்பாம்புக்குப் பெயர் வைத்தார். அதாவது கொல்லும் பாம்பும், அதைப் போலவே இருப்பதால் கொல்லப்படும் பாம்பும், ஒரே கரையிலிருந்து ஒரே புத்தகத்தின் வழியாக, ஒரு வருஷ வித்தியாசத்தில் அறிவியலுக்குள் வந்தன. லத்தீனில் அன்றைக்கே தனித்தனிப் பேர் கிடைத்துவிட்டது. கொல்லையில் இன்னமும் இரண்டுக்கும் ஒரே பேர்தான்.

அந்தப் பெயரையும் கொஞ்சம் பார்க்கலாம். கட்டுவிரியனில் இருக்கும் 'கட்டு', உடம்பைச் சுற்றிக் கட்டு கட்டாகத் தெரியும் பட்டையைக் குறிக்கிறது என்றே எங்கள் பக்கம் புரிந்துகொள்கிறார்கள். 'விரியன்' என்ற சொல்லைக் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். உயிரியல்படி அந்த இரண்டும் ஒரு குடும்பம். கட்டுவிரியனோ நல்லபாம்பின் குடும்பம். தமிழ்ப் பெயர் குடும்பம் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆபத்தைப் பார்த்து வைத்த பெயர். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பட்டையைப் பெயரிலேயே வைத்துவிட்டதால், பட்டை போட்ட எதுவும் அந்தப் பெயருக்குள் தானாகப் போய் விழுந்துவிடுகிறது. சித்தப்பா கேட்ட கேள்வி அவருடைய கேள்வி மட்டும் அல்ல. அந்தச் சொல்லே கேட்கும் கேள்வி அது.

விஷப்பாம்பைப் போல வேஷம் போட்டு எதிரியிடமிருந்து தப்பிக்கிறது என்று ஓநாய்ப்பாம்பைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. ஆந்தையிடமும் கீரியிடமும் அந்த வேஷம் எடுபடுகிறதோ என்னவோ, மண்வெட்டி வைத்திருக்கும் மனிதனிடம் நேர் எதிராகத்தான் வேலை செய்கிறது.

வித்தியாசம் என்ன?

இரண்டையும் பிரித்துச் சொல்ல வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்கள் இவை.

பட்டை: ஓநாய்ப்பாம்புக்குக் கழுத்திலிருந்தே பட்டை தெளிவாக ஆரம்பிக்கும். கட்டுவிரியனுக்கு முன்பக்கம் பட்டை இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், பின்பக்கம் தெளிவாகும். அதுவும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டு இரண்டாக வரும்.

அளவு: கட்டுவிரியன் ஒரு மீட்டர் வரைக்கும் சாதாரணமாக வளரும், அதற்கு மேலும் போகும். பட்டை ஓநாய்ப்பாம்பு ஒரு அடிச் சரக்கு.

முதுகுச் செதில்: கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப்பாம்புக்கு எல்லாம் ஒரே அளவு.

வாலடிச் செதில்: கட்டுவிரியனுக்கு ஒற்றை வரிசை. ஓநாய்ப்பாம்புக்கு இரட்டை.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் இருக்கும் ஓட்டை எனக்குத் தெரிந்தது அடுத்த வருஷம் ஐப்பசியில்.

என் தப்பு

செத்த பாம்பைப் பார்த்ததிலிருந்து உயிரோடு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொல்லைக்குப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. கல்கட்டை ஒட்டி டார்ச் அடித்துக்கொண்டே நடந்தோம். பல்லிகள் நிறைய. மோட்டார் கொட்டகைப் படிக்குக் கீழே ஒரு அடி நீளத்தில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பளபளவென்று கறுப்பு. கழுத்திலிருந்தே வெள்ளைப் பட்டை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. அளவு சரி. பட்டை கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது, அதுவும் சரி. இடம், நேரம், எல்லாம் சரி. "ஓநாய்ப்பாம்புதான், விஷம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை நீட்டினேன். நண்பர், "இரு இரு, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். அவர் கேமராவில் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேமராவை என்னிடம் நீட்டினார்.

முதுகின் நடுவில், வரிசையாக, பெரிய அறுகோணச் செதில்கள்.

கட்டுவிரியன் குட்டி. என் கைக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வளர்ந்த கட்டுவிரியனுக்குத்தான் முன்பக்கப் பட்டை மங்கிப் போகும். குட்டிக்குக் கழுத்துப் பக்கத்திலிருந்தே தெளிவாக இருக்கும். முட்டையிலிருந்து வந்து கொஞ்ச நாள் ஆன குட்டியின் நீளம், வளர்ந்த பட்டை ஓநாய்ப்பாம்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகப் பட்டியலின் முதல் இரண்டு அடையாளங்களும் குட்டியிடம் ஒரேயடியாகத் தோற்றுப்போகின்றன. பட்டையே இல்லாமல் முழுக் கறுப்பாக இருக்கும் கட்டுவிரியனும் உண்டு. அப்போது பட்டையை வைத்துப் பார்க்கிறவன் கதி என்ன?

மீதி இரண்டு அடையாளங்கள் தோற்காது. ஆனால் முதுகுச் செதிலைப் பார்க்க ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைக்க வேண்டும். வாலடிச் செதிலைப் பார்க்கப் பாம்பைக் கையில் எடுத்துப் புரட்ட வேண்டும். அதாவது நம்பகமான அடையாளத்தைச் சரிபார்க்க, எந்த ஆபத்தைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதிலேயே இறங்க வேண்டும். செத்த பாம்புக்கும் நல்ல புகைப்படத்துக்கும்தான் அந்தப் பட்டியல் பயன்படும்.

நடத்தையையும் நம்ப முடியாது. விஷமில்லாத ஓநாய்ப்பாம்பு பிடித்தால் பட்டென்று கடிக்கும். கட்டுவிரியனோ பகலில் சாது மாதிரி சுருண்டு தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு கிடக்கும். கோபக்காரனைக் கெட்டவன் என்றும் சாதுவை நல்லவன் என்றும் நினைக்கும் நம் வழக்கம் இங்கே ஆளையே கொன்றுவிடும்.

இரண்டு தப்பும் ஒன்று அல்ல

இப்போது சித்தப்பாவும் நானும் செய்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஓநாய்ப்பாம்பைக் கட்டுவிரியன் என்று நினைத்தார். ஒரு பாம்பு செத்தது. நான் கட்டுவிரியனை ஓநாய்ப்பாம்பு என்று நினைத்தேன். நண்பர் மட்டும் இல்லையென்றால் நான் செத்திருப்பேன். படித்தவன் செய்த தப்புதான் பெரிய தப்பு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கட்டுவிரியன் கடி எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். சில ஊர்களில் இதை எட்டடி விரியன் என்பார்கள், கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவான் என்று. உண்மையில் அது அப்படி அவசரப்படாது. பல் சின்னது. கடித்த இடத்தில் பெரிதாக வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சில சமயம் தடமே தெரியாது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிப்பது அதிகம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். பிறகு கண் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, நாக்கு குழறும், கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் நின்றுபோகும். விஷத்தில் இருக்கும் ஒரு நச்சு நரம்பு முனைகளையே சேதப்படுத்திவிடுகிறது. அந்தச் சேதம் நடந்து முடிந்த பிறகு விஷமுறிவு மருந்து போட்டாலும் உடனே சரியாகாது, நரம்பு முனை மறுபடி வளரும்வரை நாள்கணக்கில் செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கும். அதனால்தான் சீக்கிரம் போக வேண்டும் என்பது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று வீடுவீடாக விசாரித்துச் செய்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். இந்த எண்ணிக்கைக்கு முன்னால் நின்றுகொண்டு, "பாம்பை அடிக்காதீர்கள், பாவம்" என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? சித்தப்பா பயந்தது நியாயமான பயம். பயந்துவிட்டு அவர் செய்ததைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் "இது விஷமில்லாத பாம்பு, அடையாளம் இதோ" என்பது அல்ல என்று எனக்கு அந்த ஐப்பசி ராத்திரிதான் புரிந்தது. அந்தப் பதிலைப் பாதி கேட்டுக்கொண்டு நாளைக்கு யாராவது ஒரு குட்டிக் கட்டுவிரியனைக் கையில் எடுத்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். சரியான பதில் இது: அடையாளம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு அடி பின்னால் போய்விட்டால் போதும். கட்டுவிரியனாக இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். ஓநாய்ப்பாம்பாக இருந்தால் அது பிழைத்தது. எந்தப் பக்கம் தப்பாக நினைத்திருந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடிக்கப் போகிறவன்தான் பாம்புக்குப் பக்கத்தில் போகிறான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கல்லை நெம்பும்போது கடப்பாரையால் எதிர்ப்பக்கம் தூக்குங்கள், விரலை அடியில் விடாதீர்கள். ராத்திரி நடக்கும்போது டார்ச். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுப்பது பெரிய பாதுகாப்பு. வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பட்டை போட்ட எது கடித்தாலும், வலி இல்லாவிட்டாலும், "இது சும்மா பாம்பு" என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய தேவையும் இல்லை. நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இலிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

கல்லைப் பற்றி ஒன்று

மண்வெட்டியை விடப் பெரிய ஆபத்து ஒன்று இந்தச் சின்னப் பாம்புக்கு இருக்கிறது. கல் போய்விடுவது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சுற்றியுள்ள மணற்பாறைப் பகுதியில் அகன்ற தலைப் பாம்பு என்று ஒன்று உண்டு. அது விஷமுள்ளதுதான். ஆனால் வாழ்க்கை முறை நம் பட்டை ஓநாய்ப்பாம்பு மாதிரி, பலகைக் கல்லுக்கு அடியில் கிடந்து பல்லி தின்பது. வீட்டுத் தோட்டத்துக்கு அழகு என்று அந்தக் கற்களை எடுத்துக்கொண்டு போனதால் அந்தப் பாம்பு அருகிப்போனது.  கல்லை எடுத்ததே அதற்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது.

எங்கள் பக்கம் குன்றுகளே ஜல்லியாகிக்கொண்டிருக்கின்றன. கல்கட்டுகளை எடுத்துவிட்டு முள்கம்பி வேலி போடுகிறார்கள். பலகைக் கல்லைப் புரட்டிப் பார்க்கிற என்னைப் போன்ற ஆர்வக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. புரட்டிய கல்லை அப்படியே மல்லாத்திப் போட்டுவிட்டு வந்தால், அதற்கடியில் இருந்த சந்தும் ஈரமும் சூடும் எல்லாம் போச்சு. அந்தச் சந்து அமைய எத்தனை காலம் ஆகியிருக்குமோ. இப்போதெல்லாம் நான் கல்லைப் புரட்டுவதில்லை.

சித்தப்பா கல்கட்டைத் திரும்பக் கட்டினார். முள்கம்பி வாங்கக் காசு இல்லை என்றுதான் கட்டினார், பாம்புக்காக அல்ல. ஆனாலும் கட்டினார்.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மோட்டார் கொட்டகைப் படியில் ஏதோ நெளிந்து கிடக்கிறது. இருட்டில் கை ஆடிப்போய் எடுத்த படம். கறுப்பு, வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான் தெரிகிறது. உடனே போனும் வந்தது. ராத்திரியில் அவர் பாம்பு என்று சொல்ல மாட்டார்.

"பூச்சி ஒண்ணு கெடக்குது. இது எது? உன்னுதா, என்னுதா?"

"தெரியல சித்தப்பா. தள்ளி நில்லுங்க."

"தள்ளிதான்டா நிக்கிறேன். பக்கத்துல போறவன் நீதான்."